மாலை தொடுத்த பட்டர்பிரான்

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை நெருங்கும் இடத்தில் இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடபால் உள்ளது திருவில்லிபுத்தூர். தென்பால் உள்ளது இராசபாளையம். மலையில் பிறந்து வரும் ஓடைகள் கண்மாய்களை நிரப்ப, கண்மாய்கள் வயல்களை வளப்படுத்த, வயல்களைச் சூழ்ந்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிற்கும் செழிப்பான பகுதி அது. 1936-ஆம் ஆண்டில் நூற்பாலை தோன்றிய பின்னர், இராசபாளையம் பருத்தித் தொழிலால் நாடறிந்த ஊராயிற்று. திருவில்லிபுத்தூரோ, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு தோட்டக்காரரால் நாடறிந்த ஊராயிற்று.

அத்தோட்டக்காரரின் பெயர் விட்டுசித்தர். பெரியாழ்வார் என்று உலகம் போற்றுவது அவரையே. ஆழ்வார்கள் பன்னிருவரும் பாடிய பாடல்களின் தொகுதியாகிய நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் திறந்தால், முதலில் நிற்பவை அவர் பாடிய பன்னிரண்டு பாசுரங்களே. திருமால் கோயில்களில் பிரபந்தம் ஓதத் தொடங்குவோர், முதலில் அவர் மொழியையே ஓதுகின்றனர். இத்தகைய பெருமைக்கு உரியவர், ஒரு காலத்தில் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று உறுதியாக நம்பியிருந்தார். அறிவு நிரம்பிய ஒருவர் தம் அறிவைத் தாமே அறியாமல் அஞ்சி நின்றதும், பின் அவ்வச்சத்தைக் கடந்து வாய் திறந்ததும் அவர் வரலாற்றின் உயிர்நிலையாகும்.

அவர் வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன. அவற்றுள் பின்பழகிய பெருமாள் சீயர் இயற்றிய 'ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவம்' குறிப்பிடத்தக்கது. அவருடைய பாசுரங்களும் அவர் உள்ளத்தை நமக்குக் காட்டுகின்றன. நெடுமாறன் என்னும் பாண்டிய வேந்தனையும், திருக்கோட்டியூர்த் தலைவராகிய செல்வநம்பியையும் அவர் தம் பாடல்களில் குறித்துள்ளார். இக்குறிப்புகளைக் கொண்டு, அவர் கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

திருவில்லிபுத்தூரில் வேயர் குலத்தில், முகுந்தர் என்பாருக்கும் பதுமவல்லி என்பாருக்கும் மகனாக ஆனித் திங்கள் சுவாதி நாளில் விட்டுசித்தர் பிறந்தார் என்று குருபரம்பரை கூறும். வேதம் ஓதும் குடியிற் பிறந்தவராயினும், நூல்களைக் கற்று வாதம் புரிந்து புகழ் பெறுவதில் அவர் உள்ளம் செல்லவில்லை. ஊரின் நடுவே ஆலிலைமேல் துயிலும் வடபத்திரசாயிப் பெருமானின் திருக்கோயில் இருந்தது. அப்பெருமானுக்குத் தம்மால் இயன்ற தொண்டு யாது என்று அவர் எண்ணினார். கண்ணன் வடமதுரைக்குச் சென்றபோது, அங்கிருந்த மாலைகட்டி ஒருவர் மனையைத் தானே தேடிச் சென்று, மாலை கேட்டு வாங்கி அணிந்துகொண்டான் என்னும் புராணச் செய்தி அவர் நினைவுக்கு வந்தது. இறைவனே விரும்பிக் கேட்டு வாங்கும் பொருள் பூமாலையாயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை என்று அவர் துணிந்தார்.

அன்று முதல் அவர் கையில் மண்வெட்டி ஏறியது. நிலத்தைக் கொத்திப் பண்படுத்தினார், பாத்தி கட்டினார், நீர் வார்த்தார், களை பறித்தார். துளசியும் பூச்செடிகளும் வளர்ந்து நந்தவனம் உருவாயிற்று. பொழுது புலருமுன் பூப்பறித்து, நாரில் தொடுத்து, கோயிலுக்குக் கொண்டு சென்று கொடுப்பது அவருடைய நாள்தோறும் நிகழும் கடமையாயிற்று. எந்தப் பூ எந்தப் பருவத்தில் மலரும், எந்தப் பூவுடன் எந்தப் பூவைச் சேர்த்தால் மாலை பொலியும் என்பனவெல்லாம் அவர் கைகளுக்கே தெரிந்திருந்தன. ஆண்டுகள் பல சென்றன. மண்வெட்டி பிடித்த கைகள் காய்த்துப்போயின.

தொண்டில் அவருக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. ஆனால் தம்மைப் பற்றி அவர் கொண்டிருந்த மதிப்பு மிகத் தாழ்ந்திருந்தது. சாத்திரம் வல்லாரே அறிஞர் என்று நாடு மதித்த காலம் அது. அந்த அளவுகோலை எடுத்து அவர் தம்மை அளந்து பார்த்தார். அதன்படி, தாம் மண்கொத்தும் எளியர் என்பதற்கு மேல் ஒன்றும் தென்படவில்லை. நாள்தோறும் கோயிலில் கேட்டுக் கேட்டு நெஞ்சில் தேங்கிய இதிகாச புராணச் செய்திகளையும், கண்ணனின் பிள்ளைமைக் கதைகளில் தமக்கிருந்த ஆழ்ந்த தோய்வையும், சொல்லின்மேல் தமக்கிருந்த ஆட்சியையும் அவர் அறிவென்று எண்ணியதேயில்லை. எளிதாகக் கைவந்த பொருளை மனிதர் பொருட்படுத்துவதில்லை. தம்மிடம் இல்லாததே உயர்ந்தது என்றும், தம்மிடம் இருப்பது யாவரிடமும் இருப்பதே என்றும் கருதுவது பலர்க்கும் இயல்பு. விட்டுசித்தரும் அவ்வாறே கருதினார்.

இந்நிலையில் மதுரை மாநகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அப்போது பாண்டிய நாட்டை ஆண்ட வல்லபதேவன், இரவில் மாறுவேடம் பூண்டு நகர்சோதனை செய்யும் வழக்கம் உடையவன். ஒருநாள் இரவு ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தணர் ஒருவர் படுத்திருப்பதைக் கண்டு, அவர் யார் என வினவினான். அவர் கங்கையில் நீராடி வரும் யாத்திரிகர். நல்லது ஏதேனும் சொல்லுமாறு வேந்தன் வேண்ட, அவர் வடமொழிச் சுலோகம் ஒன்றைச் சொன்னார். மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்றைய எட்டுத் திங்களில் தேடிக்கொள்ள வேண்டும். இரவுக்கு வேண்டியதைப் பகலில் தேடிக்கொள்ள வேண்டும். முதுமைக்கு வேண்டியதை இளமையில் தேடிக்கொள்ள வேண்டும். மறுமைக்கு வேண்டியதை இம்மையில் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

அரண்மனைக்குத் திரும்பிய வேந்தனுக்கு உறக்கம் வரவில்லை. முதல் மூன்றும் தனக்கு நிரம்ப உள்ளன. நான்காவதற்குத் தான் யாது செய்தோம் என்று கலங்கினான். தன் புரோகிதராகிய செல்வநம்பியை அழைத்து வழி கேட்டான். மறுமைக்கு உறுதி தரும் பரம்பொருள் எது என்பதை வித்துவான்களைத் திரட்டி ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்று அவர் அறிவுரை கூறினார். அவ்வாறே பொன் நிறைந்த கிழியொன்றை அவையில் உயரக் கட்டித் தொங்கவிட்டு, உண்மையை நிலைநாட்டுவோர் அதனைப் பரிசாகக் கொள்ளலாம் என்று வேந்தன் அறிவித்தான். பல திசையிலிருந்தும் புலவர்கள் வந்து குழுமினர். தம் கல்வியில் ஐயமே இல்லாதவர்கள் அவர்கள். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தனர். கிழி இருந்த இடத்திலேயே இருந்தது. தன்னம்பிக்கை மிகுந்திருப்பதாலேயே உண்மை கைவந்துவிடுவதில்லை என்பதற்கு அவ்வவை சான்றாக நின்றது.

அந்நாளில் ஓரிரவு, வடபத்திரசாயி விட்டுசித்தரின் கனவில் தோன்றி, மதுரைக்குச் சென்று அக்கிழியை அறுத்து வருமாறு பணித்தான் என்று குருபரம்பரை கூறும். விட்டுசித்தர் மகிழவில்லை; நடுங்கினார். சாத்திரம் கற்றவர்க்கன்றோ அது உரியது, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன இக்கையைக் காட்டியோ தாம் கிழியை அறுப்பது என்று மறுத்துரைத்தார். தம் கை அவருக்குத் தம் அறியாமையின் சான்றாகத் தோன்றியது. அப்பொறுப்பு தன்னுடையது என்றும், அதுபற்றி அவர் கவலுதல் வேண்டா என்றும் பெருமான் கூறக் கனவு கலைந்தது. விழித்தெழுந்தபோது வியப்பும் அச்சமும் அவர் நெஞ்சில் நிறைந்திருந்தன.

இங்கே இரண்டு பண்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். அடக்கம் என்பது ஒன்று. தாழ்வு மனப்பான்மை என்பது மற்றொன்று. இரண்டும் பணிந்தே பேசும். ஆதலின் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுதல் எளிது. அடக்கமுடையார் தம் ஆற்றலை அறிந்து, அதனைப் பாராட்டிக்கொள்ளாமல், வேண்டியபோது பயன்படுத்துவர். தாழ்வு மனப்பான்மை உடையாரோ தம் ஆற்றலை அறியாமல், வேண்டியபோதும் ஒதுங்கி நிற்பர். முன்னது பிறர்க்குப் பயன்படும். பின்னது உடையார்க்கும் பிறர்க்கும் இழப்பாக முடியும். இவ்விழப்பு அறிவிலார்க்கு மட்டும் உரியதன்று. 1978-ஆம் ஆண்டில் பாலின் கிளான்சு, சூசன் ஐம்சு என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர், கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய பெண்டிர் நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோரைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். பட்டமும் பாராட்டும் பெற்ற பின்னரும், தாம் அவற்றுக்குத் தகுதியற்றவர் என்றும், என்றேனும் ஒருநாள் தம் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்றும் அவர்களுட் பலர் அஞ்சி வாழ்ந்தனர் என்பது அவ்வாய்வில் புலப்பட்டது. அறிவு வளர்ந்தால் தன்மதிப்பும் தானே வளரும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவ்விரண்டும் எப்போதும் இணைந்து வளர்வதில்லை.

விட்டுசித்தர் அன்று வீட்டிலேயே தங்கியிருக்கலாம். தம் அச்சத்துக்கு அடக்கம் என்று பெயரிட்டு, வழக்கம்போல் பூப்பறிக்கச் சென்றிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் மதுரைக்குப் புறப்பட்டார். அச்சம் நீங்கியதால் அன்று. தமக்கு இடப்பட்ட பணி தம் அச்சத்தினும் பெரிது என்று உணர்ந்ததால் புறப்பட்டார். திருவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் இடையே உள்ள நெடுந்தொலைவைக் கடந்து பாண்டியன் அவையை அடைந்தார்.

செல்வநம்பியும் வேந்தனும் அவரை எதிர்கொண்டு வணங்கினர். அவையில் இருந்த வித்துவான்களுக்கு அது பொறுக்கவில்லை. சாத்திரங்களைக் கரைகண்ட தாம் இருக்க, ஒன்றும் கல்லாத ஒருவரைப் பெருமைப்படுத்துவது முறையோ என்று அவர்கள் முணுமுணுத்தனர். விட்டுசித்தர் தம் மனத்துள் தமக்கெதிராகச் சொல்லிக்கொண்டிருந்த சொற்களையே, இப்போது பிறர் வாயாலும் கேட்டார். தன்னைத் தாழ்வாக எண்ணும் ஒருவனுக்கு இதனினும் கடுமையான சோதனை இல்லை. உள்ளே ஒலிக்கும் குரலுக்கு வெளியேயும் ஓர் எதிரொலி கிடைத்துவிட்டால், எண்ணியது உண்மையே என்று மனம் துவண்டுவிடும்.

ஆனால் செல்வநம்பி அவரைப் பேசுமாறு வேண்டினார். இகழ்வார் பலர் கூடிய அவையில், மதித்துக் கேட்பார் ஒருவர் இருத்தல் எத்துணைப் பெரிய துணை! விட்டுசித்தர் பேசத் தொடங்கினார். வேதங்களிலிருந்தும், இதிகாச புராணங்களிலிருந்தும் சான்று காட்டி, திருமாலே பரம்பொருள் என்று நிலைநாட்டினார். தாம் எப்படித் தோன்றுகிறோம், பிறர் தம்மைப் பற்றி யாது நினைப்பர் என்னும் நினைவே அவர்க்கு அப்போது இல்லை. சொல்ல வந்த பொருள் ஒன்றே அவர் உள்ளத்தை நிரப்பி நின்றது. உயரக் கட்டியிருந்த பொற்கிழி அவர்முன் தானே தாழ்ந்து வளைந்தது என்றும், அவர் அதனை அறுத்துக்கொண்டார் என்றும் குருபரம்பரை கூறும். முணுமுணுத்த வித்துவான்களும் வியந்து வணங்கினர். வேந்தன் அவருக்குப் பட்டர்பிரான் என்னும் பட்டம் சூட்டினான். கற்றோர்க்கெல்லாம் தலைவர் என்பது அதன் பொருள். காய்த்த கை பொற்கிழியை ஏந்தியது.

வேந்தன் அவரைப் பட்டத்து யானையின்மேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். சங்கும் முரசும் முழங்கின. தன்னைத் தாழ்வாக மதித்து வந்த ஒருவர் திடீரெனப் புகழின் உச்சியில் ஏற்றப்படுவது இடர் நிறைந்த நேரமாகும். இதுவரை இழந்த மதிப்பையெல்லாம் ஒருசேரப் பெற்றுவிட எண்ணித் தருக்குறுவாரும் உண்டு. இப்புகழ் தமக்கு உரியதன்று என்று கூசி மேலும் குறுகிவிடுவாரும் உண்டு. பட்டர்பிரான் இவ்விரண்டும் செய்யவில்லை. தம் மகனின் ஊர்வலத்தைக் காணும் பெற்றோர்போல, இறைவன் திருமகளோடு கருடன்மேல் எழுந்தருளி வானில் காட்சி தந்தான் என்பர். அதனைக் கண்ட பட்டர்பிரானின் உள்ளத்தில் எழுந்தது தம்மைப் பற்றிய எண்ணமே அன்று. அழகே வடிவான அப்பெருமானுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ, தீங்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற கவலையே எழுந்தது. யானையின் இருபுறமும் தொங்கிய மணிகளையே தாளமாகக் கொண்டு, இறைவன் பல்லாண்டு வாழ்க என்று அவர் வாழ்த்திப் பாடினார். அப்பாடல்களே திருப்பல்லாண்டு. தாம் ஒருவர் மட்டும் வாழ்த்துதல் போதாது என்று கருதி, அடியார்கள் யாவரையும் உடன் வந்து வாழ்த்துமாறு அவர் அதில் அழைக்கின்றார்.

எல்லாரையும் காக்கும் இறைவனுக்கே தீங்கு வந்துவிடுமோ என்று அஞ்சிக் காப்பிட்ட நெஞ்சு அது. பிற ஆழ்வார்களினும் இவ்வன்பு அவரிடத்தில் மிகுந்திருந்தமையாற்றான் அவர்க்குப் பெரியாழ்வார் என்னும் பெயர் வந்தது என்று மணவாள மாமுனிகள் தம் 'உபதேசரத்தின மாலை'யில் விளக்கியுள்ளார். தன்னைப் பற்றிய தாழ்வெண்ணத்துக்கு மருந்து தன்னைப் பற்றிய உயர்வெண்ணம் அன்று. தன்னையே மறக்கச் செய்யும் அன்பும் கடமையுமே ஆகும் என்பதை அந்த யானைமேல் இருந்தவர் உலகுக்குக் காட்டினார்.

மதுரையில் தங்கி அரசவைப் பெருமையை நுகர்ந்து வாழ அவர் விரும்பவில்லை. திருவில்லிபுத்தூருக்கே திரும்பினார். பெற்ற பொன்னை வடபத்திரசாயியின் கோயிற்பணிக்கே அளித்தார் என்பர். இன்று அங்கே 192 அடி உயரத்தில் பதினொரு நிலைகளோடு நிமிர்ந்து நிற்கும் கோபுரத்தைக் காண்போர் அவரையே நினைக்கின்றனர். பட்டர்பிரான் மீண்டும் மண்வெட்டியை எடுத்தார். மீண்டும் மாலை தொடுத்தார். முன்பு செய்த தொழிலே அது. ஆனால் செய்தவர் இப்போது அதனைத் தம் தாழ்வின் அடையாளமாகக் கருதவில்லை.

அத்தோட்டமே அவருடைய கவிதைக்கும் நாற்றங்கால் ஆயிற்று. திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களேயன்றி, 461 பாசுரங்கள் கொண்ட 'பெரியாழ்வார் திருமொழி'யும் அவர் அருளியதே. கண்ணன் பிறந்தது முதல், அவனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டுவது, நிலாவை அழைப்பது, கைகொட்டி விளையாடச் செய்வது, காதுகுத்துவது, நீராட்டுவது, குழல்வாரக் காக்கையை அழைப்பது என ஒரு தாய் தன் குழவிக்குச் செய்வன யாவற்றையும் அவர் யசோதையாகவே நின்று பாடினார். கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பாடல்களில் செண்பகமும் மல்லிகையும், பாதிரியும் புன்னையும், குருக்கத்தியும் இருவாட்சியும் வரிசையாக மணக்கின்றன. நந்தவனத்தில் கைகள் கற்ற கல்வி நூலில் ஏறிய இடம் அது. சாத்திரம் கல்லாதவன் என்று தம்மை இகழ்ந்துகொண்டவர், ஆய்ச்சியரின் வீட்டுப் பேச்சையே கவிதையாக்கினார். பிற்காலத்தில் தமிழில் தனியோர் இலக்கிய வகையாக வளர்ந்த பிள்ளைத்தமிழுக்கு இப்பாடல்களே வித்து என்று இலக்கிய வரலாற்றாசிரியர் போற்றுவர்.

புகழ் பெற்ற பின் அவர் உள்ளத்திலிருந்து பழைய தாழ்வெண்ணம் அடியோடு அகன்றுவிட்டதோ எனின், இல்லை என்றே அவர் பாசுரங்கள் கூறுகின்றன. திருமொழியின் ஒரு பகுதியில், தம் வாக்கில் தூய்மை இல்லை என்றும், ஆதலின் இறைவனைப் பாடவே தாம் தகுதியற்றவர் என்றும் வருந்துகின்றார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. தம் நாவோ இறைவனையன்றி வேறொன்றை அறியாது. அதனைத் தம்மால் அடக்கவும் இயலாது. காக்கையின் வாயிலிருந்து வரும் ஒலியையும் மக்கள் நற்குறியாக ஏற்றுக்கொள்வதில்லையா என்று தொடர்ந்து பாடுகின்றார். தகுதி உண்டோ இல்லையோ என்னும் ஐயம் அவரோடு இறுதிவரை வந்தது. ஆயினும் அவ்வையம் தம் வாயை அடைக்க அவர் இடங்கொடுக்கவில்லை. ஐயம் முற்றும் தீர்ந்த பின்னரே பாடுவேன் என்று அவர் காத்திருந்தால், 473 பாசுரங்களுள் ஒன்றேனும் நமக்குக் கிட்டியிராது. பாடல்களின் முடிவில் வில்லிபுத்தூர் விட்டுசித்தன் என்று தம் ஊரையும் பேரையும் சேர்த்துச் சொல்லும் நிமிர்வையும் அவர் பெற்றிருந்தார்.

அவர் வளர்த்த பூஞ்செடிகளிடையே கிடைத்த மிகப் பெரிய செல்வம் ஒரு பெண்மகவு. துளசிப் பாத்தியின் அருகே கண்டெடுத்த அக்குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டு, அவர் தம் மகளாகவே வளர்த்தார். அவளே ஆண்டாள். இறைவனுக்கென்று தந்தை கட்டிவைத்த மாலையை, அவர் இல்லாத வேளையில் எடுத்துத் தான் சூடி, அழகு பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது அச்சிறுமியின் வழக்கம். ஒருநாள் அதனைக் கண்டுவிட்ட தந்தை பதறினார். சூடிக் கழித்த மாலை இறைவனுக்கு ஆகாது என்று அன்று மாலை சாத்தாமலே இருந்துவிட்டார். அன்றிரவு பெருமான் கனவில் தோன்றி, கோதை சூடிய மாலையே தனக்கு உவப்பானது என்று உரைத்தான் என்பர். தம் காய்த்த கையை முன்பு தாழ்வென்று எண்ணியதுபோலவே, மகள் சூடிய மாலையையும் அவர் தாழ்வென்று எண்ணினார். இரண்டிலும் அவர் மதிப்பீடு பிழையாயிற்று. அவர் கழிவென்று ஒதுக்கியதே இறைவனால் விரும்பப்பட்டது. இன்றும் புரட்டாசியில் திருவேங்கடத்துப் பெருவிழாவிற்கு ஆண்டாள் சூடிய மாலை திருவில்லிபுத்தூரிலிருந்து செல்கின்றது.

தந்தையின் தமிழ் மகளிடத்தில் மேலும் மலர்ந்தது. திருப்பாவை முப்பதும், நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் ஆண்டாளின் வாய்மொழிகள். அவற்றில் தன்னைக் குறிப்பிடும் இடங்களில் அவள் பட்டர்பிரானின் கோதை என்று தந்தையின் பட்டத்தை முன்வைத்துச் சொல்வது கருதத்தக்கது. தாம் ஒரு பொருட்டல்லேம் என்று எண்ணியிருந்த ஒருவரின் பெயர், அவர் மகளுக்கு அணிகலனாயிற்று. பின்னர் அவள் திருவரங்கத்துப் பெருமானை அடைந்தபோது, அவர் மனை வெறிச்சோடியது. ஒரே மகளைப் பிரிந்த தாயின் கூற்றாக அவர் பாடிய பாசுரங்களில், அத்தந்தையின் துயரையே கேட்பதாக உரைப்போர் பலர். இறுதிக் காலத்தில் அவர் மதுரைக்கு அருகிலுள்ள திருமாலிருஞ்சோலையை அடைந்து, அங்கேயே தம் வாழ்வை நிறைவுசெய்தார்.

காலம் சென்றது. ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகளின் வழிவந்த நாலாயிரத் தொகுப்பில், திருப்பல்லாண்டு எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கப்பட்டுள்ளது. மறைகளுக்கு முன்னே ஓங்காரம் நிற்பதுபோல் தமிழ் மறைக்கு முன்னே அது நிற்கின்றது என்று பெரியோர் கூறுவர். அவையில் பேச அஞ்சி நின்றவர் மொழி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வோர் அவையிலும் முதன்மொழியாக ஒலித்து வருகின்றது.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே உள்ள வயல்களிலும் தோப்புகளிலும் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகள் இன்றும் பல உண்டு. நூற்பாலையில் இழை பிணைக்கும் கைகளும், பள்ளியின் பின்வரிசையில் விடை தெரிந்தும் உயராமல் மடியிலேயே கிடக்கும் இளங்கைகளும் உண்டு. அக்கைகளை உடையார், பிறர் அளவுகோலால் தம்மை அளந்து, தமக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுதல் கூடாது. அச்சம் இருப்பது குற்றமன்று. அது பெரியாழ்வாருக்கும் இருந்தது. அழைப்பு வந்த அன்று அவர் அவ்வச்சத்தோடேயே மதுரைக்கு நடந்தார்.